வண்டியை எங்கே நிறுத்துவது?
கைக்குழந்தையோடும் உடல் தேறிவருவோரோடும் அண்ணாமலைக்கு வரும் குடும்பங்களுக்கு

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பெற்றோர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த மருந்தை எத்தனை வேளை கொடுப்பது, தையலில் தண்ணீர் படலாமா, மறுபடியும் எப்போது வரவேண்டும் என்பன அவை. அவற்றுக்குப் பின், சற்றுத் தயங்கி, இன்னொரு வினா எழும்: “கோயிலுக்கு எப்போது அழைத்துப் போகலாம்?” குழந்தை பிழைத்தால் மலையைச் சுற்றி வருகிறேன் என்று யாரேனும் ஒருவர் வேண்டிக்கொண்டிருப்பார். மருத்துவர் ஒரு கால அளவைச் சொல்வார். கேட்டவர் மனநிறைவோடு செல்வார். ஆனால், அன்றைக்கு வண்டியை எங்கே நிறுத்தப் போகிறோம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உதவி மேசையில் அமர்ந்திருக்கும் எனக்கு, இந்த ஊரில் அந்த வினாவும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றுள் ஒன்றே என்று இப்போது தோன்றுகிறது. அதற்குக் காரணமான ஒரு பௌர்ணமி இரவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு இருதயத்தில் இருந்த துளையை அடைத்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. உடன் தாய், தந்தை, தாய்மாமன், முழங்கால் வலியுள்ள பாட்டி. கோயிலுக்கு அருகே வரை காரிலேயே சென்றுவிடலாம் என்று எண்ணிப் புறப்பட்டவர்கள், ஊரின் எல்லையிலேயே மற்ற வாகனங்களோடு திருப்பிவிடப்பட்டனர். ஒரு வெற்று மைதானத்தில் காரை விட்டுவிட்டு, ஓட்டுநரை அதிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு நடந்தனர். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். குழந்தையை மாறி மாறித் தூக்கினார்கள். கூட்டம் நெருக்கியபோது மாமன் குழந்தையை இரு அக்குள்களிலும் கைகொடுத்து உயரத் தூக்கித் தோளில் அமர்த்திக்கொண்டார். நெஞ்செலும்பைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் ஆறு வாரங்கள் வரை செய்யவே கூடாத செயல் அது.

பால் புட்டியும் மருந்துப் பையும் காரிலேயே தங்கிவிட்டன. “இதோ கொஞ்ச தூரம்தானே” என்று எண்ணியிருக்கிறார்கள். குழந்தை அழத் தொடங்கியதும் தந்தை பையை எடுத்துவரத் திரும்பினார். மைதானம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. இருட்டில் எல்லா மைதானங்களும் ஒன்றுபோல் இருந்தன. கைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வெறுங்கையோடு திரும்பியபோது, குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் துவண்டு கிடந்தது. அங்கிருந்துதான் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தனர்.

நல்வாய்ப்பாக, நீரிழப்பைத் தவிர வேறு தீங்கு நேரவில்லை. தையலும் நெஞ்செலும்பும் நன்றாகவே இருந்தன. விடியும் முன் குழந்தை தாயின் வளையலைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கிவிட்டது. ஆயினும் அந்தத் தந்தை வெளி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, “எல்லாவற்றையும் யோசித்தோம், இதை மட்டும் யோசிக்கவில்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது என் நினைவை விட்டு நீங்கவில்லை.

ஒரே சாலையில் மூன்று சாலைகள்

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி என்று ஒன்பது சாலைகள் திருவண்ணாமலையில் வந்து கூடுகின்றன. கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமி நாள்களிலும் இச்சாலைகளின் புறநகர்ப் பகுதிகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்துமிடங்களும் அமைக்கப்படுகின்றன. நீங்கள் எந்தச் சாலை வழியாக ஊருக்குள் வருகிறீர்களோ, பெரும்பாலும் அந்தச் சாலையிலேயே உங்கள் வண்டி நின்றுவிடும். சென்னையிலிருந்து செஞ்சி வழியாக வருவோர் கிழக்கே திண்டிவனம் சாலையிலும், பெங்களூரிலிருந்து வருவோர் மேற்கே செங்கம் சாலையிலும் இறங்க நேரும். திருவிழாவுக்கு முன் மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்பில் எந்தச் சாலைக்கு எந்த இடம் என்பது இருக்கும். நாளிதழ்களிலும் அது வரும். அதைப் படித்துவிட்டுப் புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ரமணாசிரமப் பகுதி இதில் தனி வகை. ஆசிரமத்தின் முன்னே ஓடும் செங்கம் சாலை ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை அது. சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம், எமலிங்கம் என்று தொடரும் கிரிவலப் பாதையும் அதுவே. அத்துடன் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் பழக்கடைகளும் ஆட்டோக்களும் நிறைந்த ஒரு கடைத்தெருவாகவும் இருக்கிறது. இவ்வளவையும் சுமக்கிற சாலையின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்து குழந்தையை இறக்குகிறோம்! வண்டியின் இடப்பக்கக் கதவு வழியாக மட்டுமே குழந்தைகளை இறக்கவேண்டும் என்பதை இப்பகுதிக்கு வருவோர் ஒரு கட்டாய விதியாகக் கொள்ளலாம். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி நின்ற பிறகே குழந்தை இறங்கவேண்டும்.

பெரிய கோயிலிலிருந்து ஆசிரமம் சுமார் இரண்டு கிலோமீட்டர். நலமுள்ள ஒருவருக்கு அது அரை மணி நேர நடை. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கும், பைபாஸ் அறுவை முடிந்து இரண்டு மாதமான தாத்தாவுக்கும் அதே தூரம் வேறு கணக்கு.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

வண்டி நிறுத்தும் சிக்கலுக்கு மிக எளிய விடை, வேறொரு நாளில் வருவதுதான். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். பௌர்ணமிக்கென்று வேண்டிக்கொண்டதைச் சாதாரண நாளில் செய்யலாமா என்பார்கள். மலை எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறது. வாரநாளின் காலையில் அதைச் சுற்றிவருவோர் இன்றும் உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் நிறையாதவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைகள், ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைகள் ஆகியோரைப் பௌர்ணமிக் கூட்டத்துக்குள் அழைத்து வரவேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். நேர்த்திக்கடனை அவர்கள் சார்பில் வீட்டிலுள்ள இன்னொருவர் நடந்து முடிப்பதும் நம் வழக்கத்தில் உள்ளதுதானே.

சாதாரண நாளில் காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் வண்டியைக் கோபுரத்துக்கு ஓரளவு அருகிலேயே விட இடம் கிடைக்கும், தார்ச்சாலையும் சுடாது. நடுப்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் பதினொரு மணிக்கு மேல் வருவோர் வெயிலில் காத்திருக்க நேரிடும். கிரிவலப் பாதை முழுவதும் 14 கிலோமீட்டர். அதைச் செருப்பில்லாமல் நடப்பது மரபு. நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இம்மரபை விட்டுவிட வேண்டும். கால் சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வந்து படுப்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம். கோயிலுக்குள் காலுறை அணியத் தடையில்லாத இடங்களில் தடித்த பருத்திக் காலுறை அணியலாம். வெளியே செருப்பே நல்லது.

கிரிவலம் செல்வோர் நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் அரசியைப் போல மெல்ல அடியெடுத்து வைக்கவேண்டும் என்று பெரியோர் சொல்வதுண்டு. இதைக் காட்டிலும் நல்ல மருத்துவ அறிவுரை எனக்குத் தெரியாது. முழுச் சுற்று இயலாதோர் ஆட்டோவில் சுற்றி, ஆதி அண்ணாமலையில் இறங்கிச் சற்று அமர்ந்து, மீண்டும் ஏறிக்கொள்ளலாம்.

இறக்குவது வேறு, நிறுத்துவது வேறு

நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். முதலில் குழந்தையையும் முதியவரையும் ஒரு பெரியவரோடு நிழலான, உட்காரக்கூடிய இடத்தில் இறக்கிவிட வேண்டும். அதன் பிறகு ஓட்டுபவர் மட்டும் வண்டியோடு அலையலாம். அவர் திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆனாலும் இங்கே இருப்பவர்களுக்குக் கேடில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: இறங்கும்போதே பையும் இறங்கவேண்டும். பாட்டில், மருந்து, மாற்றுத் துணி, டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஆகியவை குழந்தையோடு இருக்க வேண்டியவை. டிக்கியில் இருக்கும் மருந்து ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டாது.

திருவிழா நாளில் இவ்வாறு அருகே இறக்கிவிட வழியிருக்காது. அப்போது நிறுத்துமிடத்திலிருந்து தற்காலிகப் பேருந்தையோ ஆட்டோவையோ பிடித்துக்கொள்ளுங்கள். அந்நாள்களுக்கான ஆட்டோக் கட்டணத்தை அதிகாரிகள் அறிவிப்பதும் உண்டு. அந்தக் காசை மிச்சப்படுத்த எண்ணிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது சிக்கனமாகாது.

காரை விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள உலகின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் வழிவந்த பூங்காக்களில், கடல்போன்ற நிறுத்துமிடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குழந்தைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பாத்திரத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். எண்ணைப் பெற்றோர் மறந்தாலும் பாத்திரத்தைப் பிள்ளை மறக்காது. அங்கிருந்து வாயில் வரை குடும்பங்களை ஏற்றிச்செல்லத் தொடர்வண்டிபோன்ற ஊர்திகளும் ஓடுகின்றன. நம் ஊர் மைதானங்களில் அத்தகைய பெயர்ப்பலகை இல்லை என்றால் என்ன? இறங்கியவுடன் காரையும், அதன் அருகே அசையாமல் நிற்கும் ஏதேனும் ஒன்றையும் சேர்த்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயர்ப்பலகையோ தண்ணீர்த் தொட்டியோ போதும். பக்கத்துக் காரைப் படமெடுத்துப் பயனில்லை. நீங்கள் வருவதற்குள் அது போய்விட்டிருக்கும். எந்தச் சாலை, எந்த மைதானம் என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் வைத்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமி இரவில் கைபேசிக் கோபுரங்கள் திணறும்.

சந்திக்கும் இடத்தைக் குறிக்கும்போது “கோபுரத்தடியில்” என்று மட்டும் சொல்லிப் பிரியாதீர்கள். பெரிய கோயிலுக்கு நாற்புறமும் கோபுரங்கள் உள்ளன. 217 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க்கோபுரம். வடக்குக் கோபுரத்தில் ஒருவரும் கிழக்குக் கோபுரத்தில் ஒருவருமாகக் காத்திருந்து, இருவரும் மற்றவரைக் கடிந்துகொண்ட கதைகள் இவ்வூரில் ஏராளம். நடக்கத் தெரிந்த குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் பெயரும் இரண்டு கைபேசி எண்களும் எழுதிய சீட்டு இருக்கட்டும். இருதய நோய், வலிப்பு, மருந்து ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். காணாமல்போன குழந்தைக்கு உதவ 1098, அவசர ஊர்திக்கு 108. இந்த இரு எண்களும் தாளிலும் இருக்கவேண்டும்.

நிறுத்திய காருக்குள்

தூங்கும் குழந்தையைக் காரில் விட்டு, “ஐந்தே நிமிடம்” என்று சொல்லிவிட்டு இறங்குவது இப்பகுதியில் நாள்தோறும் காணும் காட்சி. கண்ணாடி சற்றே இறக்கிவிடப்பட்டிருக்கும். இந்த ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் நான் கடுமையாகவே சொல்லவேண்டும். வெயிலில் நிற்கும் காரின் உட்புற வெப்பம் முதல் பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ பத்து டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். 2005-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுவதையும், கண்ணாடியைச் சிறிது திறந்துவைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதையும் அளந்து காட்டியது. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவில் சூடேறும். பங்குனி, சித்திரையில் நம் ஊர் வெயிலைச் சொல்லத் தேவையில்லை. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் காருக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். ஓட்டுநர் உடன் இருக்கிறார் என்பதும் காப்பாகாது. அவர் ஒரு தேநீருக்காக இறங்கக்கூடும். பேச முடியாத நோயாளிகளுக்கும், நினைவு மங்கிய முதியோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருந்துகளும் அந்த வெப்பத்தைத் தாங்கா. இன்சுலின் சூடேறினால் வேலை செய்யும் ஆற்றலை இழந்துவிடும். பார்வைக்கு மட்டும் அப்படியே தோன்றும். பயன்பாட்டிலுள்ள இன்சுலினை ஈரத்துணியில் சுற்றிய சிறு மண்கலத்திலோ, ஐஸ் நேரடியாகப் படாத குளிர்பையிலோ கையோடு எடுத்துச் செல்லலாம். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் அழுத்தம் அடைத்த குப்பி. அதைக் காரின் முன்பலகையில் வெயில் படும்படி வைக்கக்கூடாது. கரைத்து வைத்த பால் மாவு இரண்டு மணி நேரம் கடந்தால் கொட்டிவிடவேண்டியதுதான். ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைக்காமல் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது உறையில் குறித்துள்ள அளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாதிப் பொட்டலம் பாதி நீர் என்று கண்ணளவில் கலக்கவேண்டாம்.

குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதும் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, கண் உள்வாங்கியிருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் தரிசனத்தை ஒத்திவைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அழுகை நின்றுவிட்டது என்று ஆறுதலடைவது சில சமயம் தவறாகிவிடும்.

இருசக்கர வாகனத்தில் வருவோர்க்கும் ஒரு சொல். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை வண்டியில் ஏற்றினால் ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்னும் விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பெட்ரோல் தொட்டியின் மேல் பிள்ளையை உட்கார வைத்துக் கிரிவலப் பாதையில் வண்டி ஓட்டுவோர் இதைக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

இடம் கேட்கும் உரிமை

மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நம் நாட்டில் வரையறை உண்டு. சாதாரணக் கார் இடம் இரண்டரை மீட்டர் அகலம் என்றால், இவர்களுக்கு 3.6 மீட்டர், கட்டடத்தின் முதன்மை வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். அந்த ஒரு மீட்டருக்கும் மேலான கூடுதல் அகலம் சக்கர நாற்காலி இறங்குவதற்கு. கைக்குழந்தையோடு வருவோருக்கு அத்தகைய சட்டம் இல்லை. இங்கிலாந்தில் பேரங்காடிகள் தாமாகவே அகலமான இடங்களைக் குடும்பங்களுக்கென ஒதுக்குகின்றன. அது அங்கும் சட்டமன்று, மரியாதை. தென்கொரியத் தலைநகர் சியோலில் பெண்களுக்கென 2009-இல் ஒதுக்கிய இடங்களை 2023-இல் கர்ப்பிணிகளுக்கும் குழந்தையோடு வருவோருக்கும் முதியோருக்குமான குடும்ப இடங்களாக மாற்றினார்கள். நம் மாநிலத்தில் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்ட அறைகள் அமைக்கும் திட்டம் 2015-இல் வந்தபோது, ‘இதெல்லாம் தேவையா’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வாகன நிறுத்துமிடத்திலும் வாயிலருகே பத்துக் கார்களுக்கு இடம் விட்டு, கயிறு கட்டி, ‘கைக்குழந்தையோடு வருவோருக்கு’ என்று ஒரு பலகை வைப்பது பெரிய செலவன்று. அது வரும்வரை, பொறுப்பில் நிற்பவரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, நிலைமையை அமைதியாக எடுத்துச்சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்கு இடம் கிடைப்பதில்லை. மாறாக, நலமுள்ளவர் ஒருவர் வாயிலை ஒட்டிய இடத்தை எடுத்துக்கொண்டால், அதன் விலையை ஒரு பாட்டி தன் முழங்காலால் செலுத்துகிறாள்.

இவ்வூரில் குழந்தைகளுக்கென்றே ஒரு வழிபாடு இருப்பதை மறக்கலாகாது. தீபத் திருவிழாவில், வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையால் தொட்டில் இட்டு, குழந்தையை அதனுள் கிடத்தி, இருவர் தோளில் சுமந்து மாட வீதியை வலம் வருவார்கள். காண்போர் கண்கலங்கும் காட்சி அது. அக்கடனைச் செலுத்த வருவோர், தொட்டில் சுமப்பவர்களைத் தவிர ஒருவரேனும் வெறுங்கையோடு பக்கத்தில் நடக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டம் நெருங்கினால் குழந்தையை எடுக்க ஒரு கை வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தையானால், ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில், மற்றொரு கை பிட்டத்துக்கு அடியில் கொடுத்து, அள்ளி எடுப்பதுபோல் எடுக்கவேண்டும். ஆறு வாரம் வரை அக்குளைப் பிடித்துத் தூக்கவேண்டாம். நெஞ்சறுவை முடிந்த தாத்தாவும் அதே காலத்தில் பேரனைத் தூக்க ஆசைப்படவேண்டாம். ஐந்து கிலோ அரிசிப்பை கூட அவருக்கு அதிகம்.

அந்தக் குடும்பம் மூன்று மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தது. அதற்கு முந்திய நாள், ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், கடனைச் செலுத்திவிட்டார்களாம். காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போயிருக்கிறார்கள். பாட்டி ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு படியில் அமர்ந்துகொண்டார். மருந்துப் பை தந்தையின் தோளில் குறுக்காக மாட்டியிருந்தது. எங்கள் மேசைக்கு வந்தபோதும் அவர் அதைக் கழற்றவில்லை. குழந்தை தரிசனம் முழுவதும் தூங்கிவிட்டதாம். “நாங்கள் பார்த்துக்கொண்டோம், அது போதும்” என்றார் தாய்.